அரக்கு நூலில் கட்டிய மேடை

ஆரணி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கன்னியம்மா கல்யாண மேடைகளுக்குப் பூ அலங்காரம் செய்துவந்தாள். தொண்ணூற்றெட்டாம் வருஷம் வைகாசிக் கடைசியில் ஒரு நாள் காலை முருகேசன் அங்கே வந்தார். தேவிப்ரியா மூலையில் உட்கார்ந்து தெர்மாகோலில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தாள். முருகேசன் அவளுக்குப் பெரியப்பா. அவர் மகள் லாவண்யாவின் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று பேசிய பேச்சு தேவிப்ரியாவுக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. மறந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவள் பல தடவை நினைத்ததுண்டு.

முதலில் பெரியப்பாதான் ஆரம்பித்தார். கலசப்பாக்கத்துச் சம்பந்தி வீட்டார் எதையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடாதவர்கள், மேடை பளிச்சென்று இருக்க வேண்டும் என்றார்.

"பேசற வாய்க்கு ஆளுக்கொரு முழம் பூவு குடுத்துடலாம்ங்க. வாசனையில பேச்சு வராது" என்றாள் கன்னியம்மா.

பெரியப்பா சிரித்தார். என்ன பூ, எத்தனை கூடை என்று விசாரித்தார். மல்லியும் சம்பங்கியும் என்று அவள் சொன்னாள். ஆனி வெயிலுக்கு ரோஜா தாங்காது, சாயங்காலத்துக்குள் தலை தொங்கிவிடும் என்றும் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, கொண்டுவந்திருந்த துணிப்பையிலிருந்து இரண்டு கட்டு நூலை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அரக்கு நிறம். தகரக் கூரையின் ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சத்தில் நூல் மின்னியது.

"லாவண்யா பொடவைக்குச் சாயம் போட்டதுல மீந்தது. நானே நெய்யற பொடவை. இதுலயே மேடையக் கட்டிடு. பொடவையும் மேடையும் ஒரே நூலா இருக்கட்டும்."

கன்னியம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, தன் வழக்கத்தைச் சொன்னாள். எந்த நூலாக இருந்தாலும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, நிறம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பூவில் கட்டுவாள்.

பெரியப்பாவின் முகம் மாறியது. "என் நூலயா?" என்றார்.

"வழக்கம்ங்க. வேற ஒண்ணுமில்ல."

"முப்பத்தாறு வருசமா தறியில உக்காந்துகினு இருக்கேன். என் நூல தண்ணில போட்டுப் பாத்துட்டுதான் நம்புவியா?" பிறகு தேவிப்ரியா பக்கம் திரும்பினார். "பாத்தியா பாப்பா, உங்க பெரியப்பாவுக்கு பூக்காரம்மா பரீட்சை வெக்கறாங்க."

தேவிப்ரியா சிரித்தாள். பெரியவர் கேலி செய்தால் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சிரித்த சிரிப்புதான். கன்னியம்மா அவளைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள்.

"சரிங்க, போடல" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கன்னியம்மா சேவூர் பக்கத்துக்காரி. அவள் அம்மா கூலிக்கு நாற்று நட்டவள், அப்பா ஏர் ஓட்டியவர். ஒரு சென்ட் நிலம் அவர்கள் பேரில் இருந்ததில்லை. வீரனைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயசு. வீரன் பஸ் நிலையத்தில் வேலூர் பஸ்ஸிலிருந்து பூ மூட்டை இறக்குகிறவன். அவள் பூக்கடை வாசலில் உட்கார்ந்து முழம் கணக்கில் பூ கட்டினாள். பத்து வருஷம் அப்படித்தான் போனது. ஒருமுறை வெளியூர்க்காரன் ஒருவன் மண்டபத்தில் போட்ட மேடைக்கு மாலை கொண்டுபோய்க் கொடுத்தவள், தெர்மாகோல் மயிலையும் ஜிகினாத் தாளையும் அரைமணி நேரம் நின்று பார்த்தாள். வீட்டுக்கு வந்து வீரனிடம், "மேடையில ஒரு பூ கூட இல்ல. வாசனையே இல்லாம ஒரு கல்யாணமா?" என்றாள். அந்த வருஷம் தை மாதமே மூங்கில் தட்டி முடைந்து முதல் மேடையைக் கட்டிவிட்டாள்.

அந்தந்தப் பருவத்தில் என்ன கிடைக்குமோ அதைத்தான் வைப்பாள். தையில் மல்லி கிடைக்காது, கிடைத்தால் யானை விலை. அப்போது சாமந்தியும், அறுவடை வயலிலிருந்து கொண்டுவந்த நெற்கதிரும், கரும்புத் தோகையும் அவளுக்குப் போதும். ஐப்பசி மழையில் ஏரித் தாமரை மொக்கு. பங்குனியில் மாங்கொத்து. சம்பந்தி விருந்துக்குப் போடும் மேசையில் வாழையிலைக்குக் குறுக்கே தென்னங்குருத்தைப் பின்னி வைத்து, நடுநடுவே பிச்சிப்பூவைச் செருகுவாள். சீர்வரிசைத் தட்டுகளை அவள் அடுக்கினால் பழம் எது பூ எது என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

ஆனால் ஊரில் அவளுக்குப் பேர் வந்தது பூவால் இல்லை, நூலால். வாழை நார் இரண்டாம் நாள் காய்ந்து தளர்ந்துவிடும். முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்று மேடை இரண்டு நாள் நிற்க வேண்டும். நைலான் நூல் மல்லிக் காம்பை அறுத்துவிடும். பட்டு நூலோ அறுக்காது, தளராது. ஆரணியில் வீட்டுக்கு வீடு தறி. தறியில் ஏற்றிய பாவு நூல் நெய்து முடிந்தால் மிஞ்சுகிற துண்டு நூல் எந்தத் தெருவிலும் கிடைக்கும். அதைக் கொண்டுவந்து ஊறவைத்து, பூவின் நிறத்துக்கு ஏற்ற நூலில் கட்டுவாள். கட்டு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

தேவிப்ரியா அங்கே வந்து சேர்ந்தது எழுத்துக்காக. கான்வென்டில் இங்கிலீஷும் வீட்டில் தமிழுமாகப் படித்தவள். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள். அவளுடைய கையெழுத்து அழகு என்று யாரோ சொல்லி, மணமக்கள் பெயரை இரண்டு பாஷையிலும் வெட்டித் தர கன்னியம்மா கூப்பிட்டாள். பேசாமல் ஓர் இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை. தேவிப்ரியாவுக்கு அது பிடித்திருந்தது.

லாவண்யா கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் மண்டபத்தில் மேடை ஏறக்குறைய முடிந்திருந்தது. மல்லிச் சரங்களை அரக்கு நூலால் தட்டியில் கட்டி, ஓரங்களில் அதே நூலைக் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கவிட்டிருந்தாள் கன்னியம்மா. வெள்ளைப் பூவுக்கு அரக்குக் கட்டு எடுப்பாகத்தான் இருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. வீரன் புதிதாக வாங்கிய மருந்தடிக்கும் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு, வயலுக்கு மருந்து அடிப்பவனைப் போல மேடைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான்.

தேவிப்ரியா ஸ்டூலில் நின்று எழுத்துகளை ஒட்டினாள். 'லாவண்யா'வின் முதல் எழுத்தின் மேல் ஒரு இளஞ்சிவப்புத் துளி விழுந்தது. குங்குமமாக இருக்கும் என்று துடைத்தாள். இன்னொன்று விழுந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். மல்லிச் சரங்களில் கட்டு விழுந்த இடமெல்லாம் பூ சிவக்க ஆரம்பித்திருந்தது. குஞ்சத்தின் நுனியில் சிவப்பாக ஒரு சொட்டு திரண்டு தொங்கியது.

இறங்கிப் போய்க் கன்னியம்மாவின் தோளைத் தொட்டு மேலே காட்டினாள்.

கன்னியம்மா குஞ்சத்தை இரண்டு விரலில் பிடித்துத் தேய்த்தாள். விரலைப் பார்த்தாள். "தண்ணி அடிக்கிறத நிறுத்துய்யா" என்றாள் வீரனிடம். குரல் உயரவில்லை. அதனாலேயே தேவிப்ரியாவுக்குப் பயம் கூடியது.

அந்த வருஷம் பெரியப்பா வழக்கமாகச் சாயம் போடுகிறவரிடம் போகவில்லை என்பது தேவிப்ரியாவுக்குத் தெரியும். அந்தச் சாயக்காரருக்கு உடம்பு சரியில்லை. நாள் நெருக்கத்தில் வேறொரு இடத்தில் கொடுத்து அவசரமாக வாங்கியிருந்தார். சாயம் ஏறிய பிறகு நூலை நாலைந்து தண்ணீரில் அலச வேண்டும். அலசியிருக்க மாட்டார்கள். தறியில் ஏறின நூலை யாரும் நனைத்துப் பார்ப்பதில்லை. புடவையாகி, விற்று, யாரோ ஒருத்தி முதல் தடவை அலசும்போதுதான் தெரியும்.

"மேடைய மாத்திடலாம்க்கா. இன்னும் நாலு மணி நேரம் இருக்கு" என்றாள் தேவிப்ரியா.

கன்னியம்மா அவளைப் பார்த்தாள். "மேடை கெடக்கட்டும் பாப்பா. பொடவையும் இதே நூலுதான்."

அப்போதுதான் தேவிப்ரியாவுக்கு முழுதும் உறைத்தது. நாளைக் காலை லாவண்யா அந்தப் புடவையில் மணையில் உட்காருவாள். அது மாப்பிள்ளை வீட்டுக் கூறைப் புடவை. நீங்களே நெய்கிறவர், உங்கள் கையாலேயே நெய்து கொடுங்கள் என்று கலசப்பாக்கத்துக்காரர்கள் பெருமையாகக் கேட்டு வாங்கியது. அதை மாற்றிக் கட்ட முடியாது. தாரை வார்க்கும்போது கையில் ஊற்றுகிற தண்ணீர் மடியில் விழும். ஈர மாலை மாரில் கிடக்கும். பக்கத்தில் வெள்ளைப் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை ஜெயக்குமார் தொடை ஒட்டி உட்கார்ந்திருப்பான். வீடியோ விளக்கின் சூட்டில் வியர்க்கும். சுற்றி இருநூறு பேர், அதில் பாதிப் பேர் நெசவுக்காரர்கள்.

பெரியப்பாவிடம் யாராவது சொல்ல வேண்டும். சொல்வதென்றால் என்னவென்று சொல்வது? தேவிப்ரியா மனசுக்குள் வாக்கியத்தை இரண்டு விதமாகக் கட்டிப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் பெரியப்பாவே வந்தார். கூட மாப்பிள்ளையின் தாய்மாமன் பொன்னுசாமி. மேடையைக் காட்டத்தான் கூட்டிவந்திருந்தார். பொன்னுசாமி கிட்டப் போய் ஒரு சரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னாங்க இது, மல்லிக்கு வெக்கம் வந்துடுச்சா? செவந்துகினு போவுது" என்றார். விரலில் ஒட்டிய சிவப்பைக் காட்டி, "எந்த வூட்டு நூலுங்க இது?" என்று கேட்டார்.

பெரியப்பா விரலைப் பார்த்தார். குஞ்சத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை தேவிப்ரியா பார்த்தாள். தேவிப்ரியாவின் கையில் ஒரு எழுத்து இருந்தது. அதன் முனையை விரல் அழுத்திக்கொண்டிருந்தது, தெர்மாகோல் பொடிந்து உதிர்ந்தது. அங்கே நின்றவர்களில் அந்த நூல் யார் கொடுத்தது என்று தெரிந்தவர்கள் மூன்று பேர்.

கன்னியம்மாதான் பேசினாள். "என் தப்புங்க. மலிவா வந்துச்சின்னு கண்ட நூல வாங்கிட்டேன். ஏழு மணிக்குள்ள மாத்திடறேங்க."

"ஆரணி நூலுன்னு பேரு" என்று பொன்னுசாமி வேட்டி முனையில் விரலைத் துடைக்கப் போய், நினைத்துக்கொண்டு தூணில் துடைத்தார்.

பெரியப்பா தலை நிமிராமல், "ஜல்தி மாத்து" என்றார். பொன்னுசாமியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீரன் பஸ் நிலையத்துக்கு ஓடி வாழை நார் வாங்கிவந்தான். மூன்று பேரும் அரக்கு நூலை அறுத்து அறுத்துப் போட்டார்கள். கறைபட்ட பூவை உருவிவிட்டு, மிஞ்சியதை நாரில் கட்டினார்கள். தேவிப்ரியாவுக்குப் பூக் கட்டத் தெரியாது, அறுக்கத்தான் தெரியும். அறுத்துக்கொண்டே, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"நூலு யார்துன்னு சொன்னா அடுத்த கேள்வி பொடவைக்குப் போவும். நாளைக்கு அந்தப் பொண்ணு தலையக் குனிஞ்சிகினு உக்காந்திருக்கும், ஊரே அது மடியப் பாத்துகினு இருக்கும். எம் பேரு போனா ஒரு சீசன் போவும். அதுக்கு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

ஒரு சீசன் என்று அவள் போட்ட கணக்கு தப்பு. அது பின்னால் தெரிந்தது.

ஐந்து மணிக்கு அவள் தேவிப்ரியாவை அனுப்பி, பெரியம்மா கமலத்தை மணமகள் அறைக்கு வரவழைத்தாள். கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள். கமலம் நம்பவில்லை. பெட்டியிலிருந்து புடவையை எடுத்து, முந்தானைக் குஞ்சத்தின் ஒரு முடிச்சைத் தண்ணீரில் தொட்டு வெள்ளைக் கர்ச்சீப்பில் அழுத்தினாள். எடுத்தபோது கர்ச்சீப்பில் சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது. கமலம் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா. மூஞ்சியில பாத்தேன்."

கூடத்தில் நாதஸ்வரக்காரர் ஊதிப் பார்க்கிற சத்தம் வந்தது. பிறகு கன்னியம்மா, "தண்ணி படாம பாத்துக்கினா அது எப்பவும் போல நல்ல பொடவைதான். படாம பாத்துக்கறத எங்கிட்ட வுடுங்க" என்றாள். கமலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன்னால் அவள் கன்னியம்மாவைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் விடியும்போதே கன்னியம்மா வேலையைத் தொடங்கிவிட்டாள். பெரிய தாம்பாளம் ஒன்றை எடுத்து, அதன் விளிம்பில் வாழைப் பட்டையை நாலு விரல் உயரத்துக்கு வேலி மாதிரி வளைத்துக் கட்டினாள். உள்ளே மடித்த துண்டு, அதன் மேல் வாழையிலை, இலை மேல் அடர்த்தியாகச் சம்பங்கி. பட்டையின் வெளிப்புறம் முழுக்க மல்லிச் சரம் சுற்றியதும், அடியில் இருக்கிற ஏற்பாடு எதுவும் தெரியவில்லை. இரண்டு பேர் மடிக்கும் மேலாக வைக்கிற மாதிரி ஒரு சின்னப் பூ மேசை. மாலைகளைத் தண்ணீர் தெளிக்காமல் கட்டச் சொல்லி, மாரில் படுகிற பக்கம் இளம் வாழைப் பட்டையை நறுக்கி உள்ளே வைத்துத் தைத்தாள். மேடைக்கு இரண்டு பக்கமும் நிற்கும் மின்விசிறி கேட்டு வாங்கினாள்.

பன்னீர்ச் செம்பை வீரன் தூக்கிக்கொண்டு போய்ச் சமையல் கட்டில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். வாசலில் நின்ற பெண்கள் செம்பைத் தேடி அவனைப் பிடித்துக்கொண்டார்கள். "பன்னீர்ல எறும்பு வுழுந்துடுச்சிம்மா, வேற வாங்கியாரப் போறேன்" என்று கடைத்தெருப் பக்கம் போனவன், முகூர்த்தம் முடிகிற வரைக்கும் திரும்பவில்லை. அன்றைக்கு அவன் வாங்கிய திட்டு கொஞ்சம் இல்லை.

தேவிப்ரியாவின் வேலை லாவண்யாவுக்குப் பின்னால் நின்று கழுத்தையும் நெற்றியையும் ஒற்றி எடுப்பது. லாவண்யாவிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "என்னாடி, குழந்தைய தொடைக்கிற மாதிரி தொடச்சிகினே இருக்க" என்று அவள் திரும்பாமல் முணுமுணுத்தாள். வீடியோ விளக்கு முகத்தில் அடித்தது. கழுத்தில் ஒரு வியர்வைத் துளி உருண்டு ரவிக்கையை நோக்கி இறங்குவதை தேவிப்ரியா பார்த்தாள். அன்று அவள் பார்த்ததெல்லாம் அந்தத் துளிகளைத்தான். தாலியைப் பார்த்த நினைவு அவளுக்கு இல்லை.

தாரை வார்க்கிற நேரம் வந்தது. கன்னியம்மா பூத் தாம்பாளத்தைக் கொண்டுவந்து இருவர் மடிக்கும் மேலாக வைத்தாள். புரோகிதர் அதைப் பார்த்துவிட்டு, இது என்ன புது வழக்கம் என்று கேட்டார்.

"மெட்ராஸ்ல இப்ப எல்லாரும் இப்படித்தாங்க சாமி" என்றாள். அவள் மெட்ராஸைப் பார்த்ததே இல்லை. பொன்னுசாமி பக்கத்து ஆளிடம், "பரவால்லையே, அழகாத்தான் இருக்குது" என்றார்.

பெரியப்பா தாம்பாளத்தைப் பார்த்தார், கன்னியம்மாவைப் பார்த்தார். கமலம் செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் தேங்காயில் பட்டு, நான்கு கைகளின் இடுக்கு வழியாக இறங்கிச் சம்பங்கிக்குள் போய் மறைந்தது. வேலி தாங்கியது. தேவிப்ரியா மூச்சு விட்டாள். அதற்குள் ஜெயக்குமார் கையை எடுத்துவிட்டான். மணிக்கட்டில் நின்றிருந்த தண்ணீர் முழங்கை வரை ஓடி, லாவண்யாவின் முழங்கால் மேல் சொட்டியது. அவன் நகர்ந்து உட்கார்ந்தான். வேட்டி அந்த இடத்தில் உரசியது. வெள்ளைப் பட்டில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு இளஞ்சிவப்பு ஊறியது.

பொன்னுசாமியின் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். கழுத்தை நீட்டி, பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள்.

கன்னியம்மா கமலத்தைப் பார்த்தாள். கமலம் எழுந்தாள். இன்னும் நேரம் ஆகவில்லை, பெண்கள் இருங்கள் இருங்கள் என்றார்கள், அவள் காதில் வாங்காமல் ஆரத்தித் தட்டை எடுத்து வந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர் தட்டில் அலைந்தது. மாப்பிள்ளை முன்னால் சுற்றும்போது தட்டு சாய்ந்தது. அவன் வேட்டியில், சரியாக அந்தக் கறை இருந்த இடத்தில், கை அகலத்துக்குச் சிவப்பு கொட்டியது. புடவையில் ஒரு சொட்டு விழவில்லை.

எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். ஆரத்தி சிந்தினால் திருஷ்டி கழிந்தது என்று ஒரு கிழவி சொன்னாள், அதோடு முடிந்தது. கமலம் கை தவறித்தான் சாய்த்தாளா என்று தேவிப்ரியா ஒரு நாளும் கேட்டதில்லை.

புடவையை அன்று மத்தியானமே பெரியப்பா வாங்கிக்கொண்டார். கரையில் ஒரு இழை விட்டிருக்கிறது, சரி செய்து அனுப்புகிறேன் என்று சம்பந்தியிடம் சொன்னார். நாற்பது நாள் தறியை விட்டு இறங்காமல், பழைய சாயக்காரரிடம் போட்ட நூலில் அதே மாதிரி இன்னொன்று நெய்து கலசப்பாக்கத்துக்கு அனுப்பினார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. லாவண்யாவுக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆனால் மேடையைப் பார்த்தவர்கள் பார்த்ததுதான். கன்னியம்மா கட்டுகிற நூல் சாயம் போகும் என்ற பேச்சு ஒரு வாரத்தில் தெருத் தெருவாகப் போனது. வேறு ஊரில் அது சின்னக் குறை. ஆரணியில் மேடையில் ஏறுகிறவர்கள் எல்லாம் பட்டுக் கட்டியவர்கள். ஆவணி முகூர்த்தத்துக்குச் சொல்லி வைத்திருந்த மூன்று வீடுகளும் வேண்டாம் என்று ஆளனுப்பின. ஐப்பசியில் ஒரு மண்டபமும் கூப்பிடவில்லை. அதைவிட அவள் நெஞ்சைக் குத்தியது வேறு. தாரைக்குப் பூத் தாம்பாளம் வைப்பது தை மாதத்துக்குள் ஊரில் வழக்கமாகிவிட்டது. கலியாணத்துக்குக் கலியாணம் வைத்தார்கள். வேறு ஆட்கள் செய்து கொடுத்தார்கள். அவளுக்குச் சேவூரிலும் தேசூரிலும் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று சின்ன வேலைகள் வந்தன. வீரன் மறுபடியும் மூட்டை தூக்கப் போனான்.

தீபாவளிக்கு முன்னால் கமலம் கொட்டகைக்கு வந்தாள். மடியில் ஒரு புதுப்புடவை. கன்னியம்மா அதைத் தொடவில்லை.

"பொடவை வேணாம்மா. தெருவுல யாராண்டயாவது ஒரு வார்த்த சொன்னீங்கன்னா போதும்."

சொன்னால் என்ன ஆகும் என்று மூலையில் இருந்த தேவிப்ரியாவையும் சேர்த்து மூன்று பேருக்கும் தெரியும். முருகேசன் நூல் சாயம் போகும் என்று ஒரு வியாபாரி காதில் விழுந்தால் போதும், அவர் வீட்டுப் புடவையை எவனும் கையில் எடுக்க மாட்டான். கமலம் புடவையை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அந்தச் சந்து வழியாக வருவதை நிறுத்திவிட்டாள்.

தேவிப்ரியா ஒரு முறை வீட்டில் பேச்சை எடுத்துப் பார்த்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அண்ணன் பேரு கெட்டா நம்ம வூட்டுத் தறி ரெண்டும் சேந்து நிக்கும். ஒரே பாவு, ஒரே நூலு. இந்தப் பேச்ச இனிமே எடுக்காத" என்றார். அவள் எடுக்கவில்லை. இங்கிலீஷில் ஒன்று, தமிழில் ஒன்று என்று வாயில் இரண்டு பாஷை இருந்தும், இரண்டிலும் அந்த ஒரு வாக்கியம் வெளியே வரவில்லை. எப்போதாவது வருகிற வேலைக்கு எழுத்து வெட்டிக் கொடுத்தாள். கன்னியம்மா அவளிடம் அதைப் பற்றி ஒரு தடவையும் பேசவில்லை, முகம் கோணவில்லை. காலையில் கொட்டகைக்குள் நுழையும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்டுவிடுவாளோ என்று தேவிப்ரியா நினைப்பாள். ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது.

இரண்டாயிரம் ஆண்டு தை பிறப்பதற்கு நாலைந்து நாள் முன்னால் அவள் போனபோது, கொட்டகை வாசலில் பெரிய தகரத் தகடு ஒன்று சாய்த்து வைத்திருந்தது. வெள்ளை பெயிண்ட் அடித்து ஈரம் காயாமல் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன டப்பா கறுப்பு பெயிண்டும் இரண்டு பிரஷ்ஷும். அந்தக் கொட்டகைக்கு அதுவரை போர்டு இருந்ததில்லை. தேவையும் இருந்ததில்லை.

கன்னியம்மா தகட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி மாட்டப் போவதாகச் சொன்னாள். பேரை எழுதட்டுமா என்று தேவிப்ரியா கேட்டாள். பேர் எல்லாருக்கும் தெரிந்ததுதான், பேர் வேண்டாம் என்றாள். பிறகு என்ன எழுத வேண்டும் என்பதைச் சொன்னாள். தேவிப்ரியாவின் கையில் பிரஷ் அப்படியே நின்றது.

"அப்படி எழுதினா நீங்களே ஒத்துக்கின மாதிரி ஆயிடும்க்கா. அது உங்க தப்பு இல்லியே" என்றாள். ஒன்றரை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் கொட்டகைக்குள், வேறு யாரும் இல்லாதபோது.

"தப்பு யார்தோ. பொழப்பு என்து பாப்பா" என்றாள் கன்னியம்மா. சொல்லிவிட்டு டப்பாவின் மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எழுது. 'இங்க வாழ நார்ல மட்டும்தான் பூ கட்டுவோம், பட்டு நூல் தொடமாட்டோம்'னு தமிழ்ல பெருசா எழுது. அதையே கீழ இங்கிலீசுல போடு. வேற யாரையும் வெச்சி எழுதறதா இல்ல. நீதான் உன் கையால எழுதிக் குடுக்கணும்."